லெனின் பாட்டும் அதே வாயில், லிதுவேனியா பாட்டும் அதே வாயில்

பால்டிக் கடலோர நாடான லிதுவேனியாவில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடுகிற பாட்டு விழாக்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் நேராக, சோவியத் ஆட்சி ஆட்டம் கண்ட 1988-க்குப் போய்விடுகிறார்கள். தலைநகர் வில்னியஸின் விங்கிஸ் பூங்காவில் லட்சம் பேர், மஞ்சள் பச்சை சிவப்புக் கொடி, அத்தனை காலம் தடையில் இருந்த தேசிய கீதம். உடம்பு சிலிர்க்கிற காட்சிதான். ஆனால் வில்னியஸில் சில வருஷமாகக் குடியிருந்து இங்கே ஒரு கொயரில் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடுகிற எனக்கு, அந்தக் கதையில் ஒரு கேள்வி தீராமல் இருந்தது. அத்தனை பேருக்கும் ஒன்றாகப் பாடச் சொல்லிக்கொடுத்தது யார்?

நான் பாளையங்கோட்டைக்காரி. சர்ச் கொயரில் வளர்ந்தவள். நாலு வகைக் குரலும் வேறு வேறு மெட்டில் சேர்ந்து பாடுகிற நாலு பார்ட் பாட்டு ஒன்று கிறிஸ்துமஸுக்குத் தயாராக வேண்டுமானால் அக்டோபரிலேயே பிராக்டிஸ் ஆரம்பிக்க வேண்டும் என்று தெரியும். முப்பது பேர் கொயருக்கே அந்தப் பாடு. ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கிற பல ஆயிரம் பேர் ஒரே மேடையில் நின்று பிசகாமல் பாட வேண்டுமானால் அதற்குப் பின்னால் எத்தனை சாயங்காலம், எத்தனை கொயர் மாஸ்டர், எவ்வளவு பணம், எத்தனை பஸ்! அதையெல்லாம் யாரோ ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

ஏற்பாடு செய்தது சோவியத் அரசு. இதை இங்கே உள்ளவர்கள் ஒளிப்பதில்லை. வெளியூர்க்காரர்கள் எழுதும்போதுதான் இந்தப் பகுதி காணாமல் போய்விடுகிறது.

விழாவை சோவியத் கண்டுபிடிக்கவில்லை. முதல் விழா 1924 ஆகஸ்ட் 23 முதல் 25 வரை கௌனஸில் நடந்தது. அப்போது வில்னியஸ் போலந்தின் கையில். கௌனஸ்தான் தற்காலிகத் தலைநகர். ஏறக்குறைய 3,000 பாடகர்கள். லத்தீன் எழுத்தில் லிதுவேனிய மொழிப் புத்தகம் அச்சிடக்கூடாது என்று ரஷ்யப் பேரரசு 1864-லிருந்து 1904 வரை தடை போட்டிருந்த நாடு இது. தடை நீங்கி இருபதே வருஷத்தில் சொந்த மொழியில் சொந்த நாட்டில் நின்று பாடியிருக்கிறார்கள். பிறகு 1928, 1930 என்று இரண்டு விழா நடந்தது. அப்புறம் 1940-ல் சோவியத் வந்தது, 1941-ல் ஜெர்மனி, 1944-ல் மறுபடி சோவியத்.

அடுத்த விழா 1946 ஜூலையில், வில்னியஸில். அந்தத் தேதியைப் பக்கத்தில் நடந்ததோடு சேர்த்துப் படிக்க வேண்டும். காடுகளில் சோவியத்துக்கு எதிராகக் கெரில்லாப் போர் நடந்துகொண்டிருந்தது. அது 1953 வரை ஓயவில்லை. அதே 1946 நவம்பரில் கத்தோலிக்க ஆயர் வின்ட்ஸென்தாஸ் போரிஸேவிச்யுஸைச் சுட்டுக் கொன்றார்கள். 1948 மே மாதம் இரண்டே நாளில் சுமார் 40,000 பேரைக் குடும்பம் குடும்பமாக ரயிலில் ஏற்றி சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். 1949 மார்ச்சில் இன்னொரு முறை. இதற்கெல்லாம் நடுவில் அரசு மக்களைப் பாடக் கூப்பிடுகிறது, மக்களும் வந்து பாடுகிறார்கள்.

வில்னியஸில் நடத்தியதற்கும் தனி அர்த்தம் உண்டு. போருக்கு முன் இது போலிஷும், யூதர்களின் மொழியான யித்திஷும் பேசிய ஊர். யூதர்களை நாஜிகளும் உள்ளூர்க் கூட்டாளிகளும் கொன்றார்கள். போலிஷ் மக்களில் பெரும்பாலோர் போருக்குப் பின் போலந்துக்கு அனுப்பப்பட்டார்கள். 1959 கணக்கெடுப்பில்கூட இந்த ஊரில் லிதுவேனியர்கள் மூன்றில் ஒரு பங்குதான். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் சொந்த மாவட்டத்து உடையில் இந்தத் தெருக்களில் ஊர்வலம் போனார்கள், லிதுவேனிய மொழியில் பாடினார்கள். ஊர் அவர்கள் ஊராக மாறியதில் அந்த ஊர்வலங்களுக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். இதில் பெருமை மட்டும் இல்லை. காலியான வீடுகள் யாருடையவை என்ற நினைப்பும் இந்தத் தெருக்களில் நடக்கும்போது கூடவே வருகிறது.

ஏன் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை? 1950, 1955, 1960, 1965 என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். 1940-ல் சோவியத் குடியரசாக்கப்பட்டதன் ஆண்டு நிறைவுகள் அவை. பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குத்தான் பாட்டு. "வடிவத்தில் தேசியம், உள்ளடக்கத்தில் சோஷலிஸம்" என்பது ஸ்டாலின் வகுத்த சூத்திரம். உடை, நடனம், மொழி எல்லாம் லிதுவேனியாவுடையதாக இருக்கலாம், சொல்லப்படுகிற செய்தி மாஸ்கோவுடையது.

எங்கள் கொயரில் எனக்குப் பக்கத்தில் நிற்கிற அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். வடகிழக்கே உதெனா பக்கத்துக் கிராமத்துக்காரர். இளம் வயதில் கூட்டுப்பண்ணையில் பால் கறக்கும் வேலை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் விழாவில் பாடியவர். அவர் வீட்டில் அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன, ஓரம் கிழிந்து, பென்சில் குறிப்புகளோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காபியும் பாப்பி விதைக் கேக்கும் வைத்துவிட்டு அவற்றை மேஜைமேல் பரப்பினார்.

புத்தகத்தைத் திறந்தால் முதலில் வருவது கட்சி, லெனின், மக்களின் நட்பு, சமாதானம். பக்கம் தள்ளத் தள்ள உழைப்பு, இளமை, வசந்தம். பின்பாதியில் நாட்டுப்பாடல்கள், பழைய இசையமைப்பாளர்கள். விழா மேடையிலும் இதே மாதிரி வரிசைதானாம். தலைவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அவர்களுக்கு வேண்டியது முடிந்துவிடும்.

"லெனின் பாட்டைப் பாடும்போது எப்படி இருந்தது?" என்று கேட்டேன். அவருடைய சித்தி குடும்பம் கிராஸ்னயார்ஸ்க் பக்கம் நாடுகடத்தப்பட்டு, ஸ்டாலின் இறந்து சில வருஷம் கழித்துத் திரும்பியது என்று எனக்கு முன்பே தெரியும். அதனால்தான் கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் பாடினோம். மோசமாகப் பாடினால் தேர்வுக் குழு எங்களை வில்னியஸுக்கு அனுப்பாதே."

இந்தப் பதிலை நான் பலநாள் யோசித்துக்கொண்டிருந்தேன். தேர்வுக் குழு என்றது விளையாட்டில்லை. விழாவுக்கு ரொம்ப முன்னாலேயே பாட்டுப் புத்தகம் எல்லா ஊருக்கும் வந்துவிடும். ஒவ்வொரு கொயரும் தன் ஊரில் கற்றுக்கொள்ள வேண்டும். அப்புறம் மாவட்ட அளவில் நிபுணர்கள் வந்து கேட்பார்கள். தேறினால்தான் பயணம். லெனின் பாட்டில் ஆல்டோ தடுமாறினால், பின்பக்கத்து நாட்டுப்பாடலைப் பாடவும் வாய்ப்பு இல்லை. ஆகவே இரண்டையும் ஒரே கவனத்தோடு கற்றார்கள். மாலையில் பால் கறந்து முடித்து, கை கழுவி, ஊர்ப் பொதுமன்றமான பண்பாட்டு மாளிகைக்கு நடந்து போய், குளிர்காலம் முழுக்க. அரசு சம்பளம் கொடுத்து ஒரு கொயர் மாஸ்டரை அங்கே வைத்திருந்தது. பியானோ வாங்கிக் கொடுத்தது. கணக்குக் காட்ட வேண்டும் என்பதால் இத்தனை கொயர், இத்தனை பாடகர் என்று மேலிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த நெருக்கடியில்தான் ஒரு கூட்டுப்பண்ணைப் பெண்ணுக்கு நாலு பார்ட் இசை படிக்கத் தெரிந்தது.

சிலர் இதைக் கேட்டு, "அப்படியானால் அரசு நல்லதும் செய்ததே" என்பார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். அதே அரசுதான், சர்ச்சுக்குப் போகிறார் என்று தெரிந்தால் பள்ளிக்கூட ஆசிரியரை வேலையிலிருந்து நீக்கியது. இந்த நாட்டின் கொயர் பழக்கமே பெரும்பகுதி சர்ச் ஆர்கன் வாசித்தவர்களிடமிருந்து வந்தது. 1924 விழாவை நடத்தியவர்களில் ஒருவரான யுவோஸாஸ் நௌயாலிஸ் கௌனஸ் பேராலயத்தின் ஆர்கன் கலைஞர். அந்தக் கிணற்றை மூடிவிட்டு, அதிலிருந்து இறைத்த தண்ணீரைத் தன் பெயர் எழுதிய குடத்தில் விநியோகம் செய்தது அரசு. குடிக்க வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1950-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வின்ட்ஸாஸ் குதிர்கா 1898-ல் எழுதி இசையமைத்த "தௌடிஷ்கா கீஸ்மே"தான் சுதந்திர லிதுவேனியாவின் கீதம். பலருக்குத் தெரியாத விஷயம், போர் முடிகிற சமயத்திலும் அதற்குப் பிறகு சில வருஷமும் சோவியத் லிதுவேனியாவே அதைத்தான் பயன்படுத்தியது. 1950-ல் அது போய், புதிய கீதம் வந்தது. இசை பாலிஸ் த்வாரியோனாஸும் யோனாஸ் ஷ்வேதாஸும், சொற்கள் அந்தானாஸ் வென்ட்ஸ்லோவா. அன்றிலிருந்து குதிர்காவின் பாட்டு வாயில் வரக்கூடாத பாட்டு.

இதில் வருகிற மனிதர்களைப் பாருங்கள். யோனாஸ் ஷ்வேதாஸ் சோவியத் கீதத்தில் கை வைத்தவர். அவரேதான் நாட்டுப்புற வாத்தியங்களுக்கான குழுவை உருவாக்கி, கான்க்லேஸ் என்ற தந்தி வாத்தியத்தைப் பெரிய மேடைக்குக் கொண்டுவந்தவர். கீதத்தின் சொற்களை எழுதிய வென்ட்ஸ்லோவாவின் மகன் தோமாஸ் வென்ட்ஸ்லோவா, கவிஞர், 1976-ல் மனித உரிமைக்கான லிதுவேனிய ஹெல்சிங்கி குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். மறு வருஷமே நாட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. ஒரே வீட்டுக்குள் இப்படி. நல்லவர், கெட்டவர் என்று இரண்டு பெட்டியில் இந்த நாட்டுக்காரர்களைப் பிரித்து வைக்க வெளியாட்கள் அவசரப்படும்போது எனக்குக் கோபமே வருகிறது.

கீதம் போன இடத்துக்கு வேறொரு பாட்டு வந்தது. மைரோனிஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் எழுதிய "லியெதுவா ப்ராங்கி". இசை நான் மேலே சொன்ன நௌயாலிஸ். அன்பான லிதுவேனியா என்று ஆரம்பித்து மண், முன்னோர், இயற்கை என்று போகிற பாட்டு. ஆட்சி, விடுதலை, எதிரி என்று ஒரு சொல் இல்லை. எழுதியவர் 1932-லும் இசையமைத்தவர் 1934-லும் இறந்துவிட்டார்கள். சோவியத்தை அவர்கள் கண்டதே இல்லை என்பதால் எதிர்த்ததாகவும் குற்றம் சாட்ட முடியாது. மைரோனிஸைப் பாடத்திட்டத்திலிருந்து முழுக்க நீக்கினால் லிதுவேனிய இலக்கியத்தில் பாதி போய்விடும், ஆகவே பொறுக்கி எடுத்த கவிதைகளோடு அவரை வைத்துக்கொண்டார்கள். அந்தச் சந்து வழியாக இந்தப் பாட்டு விழா மேடைக்கு வந்தது. அது தொடங்கினால் கூட்டம் எழுந்து நிற்கும்.

யாரும் எழுந்திருக்கச் சொல்வதில்லை. சட்டப்படி அது கீதமும் இல்லை. எழுந்து நிற்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. "முன்வரிசையில் இருந்தவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்டதற்கு அந்த அம்மா சொன்னது: "பின்னால் எல்லோரும் நிற்கும்போது அவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் அதுவும் தெரியும் இல்லையா? சிலர் எழுந்தார்கள். சிலர் பாதி எழுந்தார்கள். மேடையிலிருந்து எங்களுக்கு எல்லாம் தெரியும், குழந்தே."

அண்டை நாடுகளிலும் இதே மாதிரி ஒரு பாட்டு இருந்தது. எஸ்தோனியாவில் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் இசையமைத்த "மு இஸமா ஒன் மினு ஆர்ம்". 1960-ல் நிகழ்ச்சி நிரலில் இல்லாமலே தாலினில் மக்கள் அதைப் பாடினார்கள். லாத்வியாவில் 1985-ல் யாஸெப்ஸ் வீதோல்ஸின் "கைஸ்மஸ் பில்ஸ்" பாட்டுக்கு, ஓரங்கட்டப்பட்டிருந்த நடத்துனர் ஹரால்ட்ஸ் மெத்னிஸ்தான் வர வேண்டும் என்று பாடகர்களே குரல் எழுப்பி அவரை மேடை ஏற்றினார்கள். லிதுவேனியாவில் அப்படி ஒரே நாளில் வெடித்த கதை குறைவு. இங்கே மெதுவாக, திரும்பத் திரும்ப எழுந்து நின்றதுதான் கதை.

எல்லோரும் விழாவை நேசித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. அறுபதுகளின் கடைசியில் ஒரு இளைஞர் கூட்டம் இந்தப் பெரிய மேடையையே வெறுத்து ஒதுங்கியது. மினுக்கிய உடை, சீராக்கிய நாட்டுப்பாடல், எல்லாம் போலி என்றார்கள். அவர்கள் கிராமத்துப் பாட்டிகளிடம் போய் உட்கார்ந்து உண்மையான பாட்டைக் கேட்டு எழுதினார்கள். 1967-ல் கெர்னவே என்ற ஊரில் பழைய முறைப்படி கோடைக்காலச் சடங்கு நடத்தினார்கள். "சுதர்த்தினேஸ்" என்ற பழங்காலப் பலகுரல் பாட்டை, இரண்டு சுரம் உரசிக்கொண்டே போகிற அந்த விசித்திரமான அழகை, மேடைக்காக மழுங்கடிக்காமல் பாடக் கற்றார்கள். 1972-ல் கௌனஸில் ரோமாஸ் கலந்தா என்ற 19 வயது இளைஞர் சோவியத் ஆட்சியை எதிர்த்துத் தீக்குளித்து இறந்தபின் போலீஸ் கெடுபிடி அதிகமானது. இந்தக் குழுக்கள்மேலும் கண் விழுந்தது. இசையைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரி என்பதுதான் என் எண்ணமும். பெரிய மேடைக்காக ஒழுங்குபடுத்திய பாட்டில் ஏதோ ஒன்று காணாமல் போகிறது, பாடும்போதே தெரிகிறது. ஆனால் அவர்கள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தார்கள். கூட்டுப்பண்ணைக் கொயர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தன.

அப்புறம் 1988. ஜூன் 3 அன்று, பிறகு நாட்டின் விடுதலைக்குப் போராடிய சாயூதிஸ் இயக்கம் பிறந்தது. அதன் தலைவராகப் பிறகு வந்த வீதௌதாஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ் இசை ஆராய்ச்சியாளர், இசைக் கல்லூரிப் பேராசிரியர். ஜூலை 9-ஆம் தேதி விங்கிஸ் பூங்காவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கூடினார்கள். குதிர்காவின் கீதம் பாடப்பட்டது. எங்கள் கொயரில் பேஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்) பாடுகிற ஒருவர் அன்று அங்கே இருந்த கல்லூரி மாணவர். தன் வயதுக்காரர்கள் பலருக்கு வார்த்தை முழுசாகத் தெரியாது, பக்கத்தில் நின்ற கிழவர்களின் வாயைப் பார்த்துப் பாடினார்கள் என்றார். ஆகஸ்ட் 23-ல், ஸ்டாலினும் ஹிட்லரும் நாட்டைப் பங்குபோட்ட ஒப்பந்தத்தின் நினைவு நாளில், அதைவிடப் பெரிய கூட்டம் அதே இடத்தில். நவம்பரில் கீதத்துக்கும் கொடிக்கும் சட்ட அங்கீகாரம் திரும்பியது.

கூட்டம் போட அந்தப் பூங்காவைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. நெரிஸ் ஆறு வளைகிற இடத்தில் பைன் காட்டுக்கு நடுவில் உள்ள திடல். அங்கே 1960 விழாவுக்காக, தாலின் மேடையின் மாதிரியில், வளைந்த கூரையோடு பெரிய மேடை கட்டியிருந்தார்கள். சோவியத் ஆட்சியின் 20-ஆம் ஆண்டைக் கொண்டாடக் கட்டிய மேடை! லட்சம் பேர் வந்து போக வழி, நிற்க இடம், எங்கே நின்றால் கேட்கும் என்ற பழக்கம், எல்லாம் அந்த ஊர்க்காரர்களுக்கு ஏற்கனவே கைவசம் இருந்தது. 1991 ஜனவரியில் தொலைக்காட்சிக் கோபுரத்தையும் நாடாளுமன்றத்தையும் சுற்றி மக்கள் ராப்பகலாகக் காவல் நின்றபோதும் நெருப்பு மூட்டிப் பாடிக்கொண்டுதான் நின்றார்கள். சோவியத் ராணுவ வண்டிகள் வந்தன. 14 பேர் இறந்தார்கள். பாட்டு டாங்கியை நிறுத்தியது என்று யாராவது எழுதினால் அந்த 14 பேரை மறந்துவிட்டு எழுதுகிறார்கள்.

இப்போது ஒரு விவாதம் இங்கே ஓடுகிறது, எங்கள் கொயரிலும். சோவியத் காலத்தில் விருது வாங்கிய இசையமைப்பாளர்களின் பாட்டுகளைப் பாடலாமா? சொற்களில் கட்சி இல்லாத, ஆறும் லிண்டன் மரமும் மட்டும் உள்ள பாட்டுகள்தான். உக்ரைன் மேல் ரஷ்யா 2022-ல் படையெடுத்த பிறகு இந்தக் கேள்வி கூர்மையாகிவிட்டது. இளையவர்கள் வேண்டாம் என்கிறார்கள், அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பாட்டுகளோடு சேர்த்து, குளிர்காலம் முழுக்க நடந்து வந்து கற்றவர்களையும் வெளியே தள்ளிவிடக்கூடாது என்றுதான் நான் வாக்களித்தேன். பட்டியலைப் பாட்டுப் பாட்டாகப் பார்க்கலாம். யார் எழுதியது, எதற்காக எழுதியது, யாருக்கு எதிராகப் பயன்பட்டது என்று கேட்டு முடிவு செய்யலாம். எங்கள் நடத்துனர் இப்போது அப்படித்தான் செய்கிறார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன் அதன் கதையைச் சொல்கிறார். பிராக்டிஸ் நீண்டுபோகிறது, பரவாயில்லை.

2024-ல் விழாவுக்கு நூறு வயது. எங்கள் கொயரும் தேறியது. நீங்கள் எப்போதாவது இந்த விழா சமயத்தில் வில்னியஸ் வந்தால், முடிந்தால் கூட்டுப் பிராக்டிஸைப் பாருங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கிற மேடையில் அந்தக் கோடியிலிருந்து சத்தம் உங்கள் காதுக்கு வந்து சேர்வதற்குள் தாளம் தாண்டிப் போய்விடும். காதை நம்பிப் பாடினால் மேடை முழுக்கக் குழம்பிவிடும். அதனால் கேட்பதை விட்டுவிட்டு நடத்துனரின் கையை மட்டும் பார்க்கச் சொல்லித் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். வெயிலில், தொப்பி போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு, ஒரே வரியை அடுத்தடுத்து. நடத்துனர் கையைத் தட்டி நிறுத்தி, "பேஸ், நீங்கள் இன்னும் கௌனஸில் இருக்கிறீர்கள், சீக்கிரம் வாருங்கள்" என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். மேடை முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில் அந்த அம்மா பென்சிலை எடுத்து, மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, என் புத்தகத்திலும் அதே இடத்தில் போட்டார்.